விழ மறுத்த எரிகோ

மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் இஸ்ரவேலரிடம் தோற்றுப்போன கானானியர்களுக்கு உலகத்திலேயே ஒரே ஒரு வக்கீல்தான் இருந்தார். அவர் மெல்பர்னின் புறநகரான டார்னெய்ட்டில் குடியிருந்தார். பக்கத்து ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலை. எங்கள் வேதப்பாடக் குழுவில் அவருக்குப் பெயர் கானான் அண்ணன். பெற்றோர் வைத்த பெயர் குடிவரவு அதிகாரிகளுக்கு மட்டும்தான் தெரியும்.

மன்னாரிலிருந்து படகில் வந்தவர். வருஷக்கணக்காகத் தற்காலிக விசா. ஊரில் இருக்கும் மனைவியை அழைத்துக்கொள்ள வழியில்லை. அதைப் பற்றி அவர் வாயே திறக்க மாட்டார். திறந்தால் கானான்தான்.

சனிக்கிழமை மாலைகளில் செல்வின் வீட்டில் பாடம் நடக்கும். செல்வின் நாகர்கோவில்காரன், சாப்ட்வேர் ஆள், எதையும் நேரத்துக்கு முடிக்க வேண்டும் அவனுக்கு. இஸ்ரவேலர் கானானியரின் எரிகோ நகரத்தைச் சுற்றி வந்து, எக்காளம் ஊதிக் கத்தியே மதிலை விழவைத்த கதையை அவன் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, மூலையில் ஒரு செருமல் கேட்கும்.

“தம்பி, ஒரு சின்னக் கேள்வி. வெளிய அவை சுத்திக்கொண்டு திரியேக்க, உள்ளுக்கு இருந்த சனம் என்னத்தைச் சமைச்சது?”

“அது எழுதலையே அண்ணே.”

“ஓம். அதாலதான் கேக்கிறன்.”

அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான். முற்றுகையிட்ட ஊரில் பருப்பு எத்தனை நாள் தாங்கும் என்று பேசியே இருட்டிவிடும்.

நூலகத்தில் அகழாய்வுப் புத்தகங்களாக எடுத்துப் படிப்பார். கானான் என்பது ஒரே நாடு இல்லையாம். “ஊருக்கு ஒரு ராசா, தம்பி. டார்னெய்ட்டுக்கு ஒருத்தர், ட்ருகனினாவுக்கு ஒருத்தர். பக்கத்து ராசா சரியில்லை எண்டு எகிப்துக்குக் களிமண் பலகையில முறைப்பாடு எழுதி அனுப்புவினம். எங்கட சங்கங்கள் மாதிரித்தான்.” இரண்டு தமிழ்ச் சங்கங்களிலும் பொறுப்பில் இருந்த அன்ரி ஒருவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

எரிகோவின் மதில் அந்தக் காலத்தில் இருந்ததா, அதற்கு முன்பே இடிந்துவிட்டதா என்று தோண்டியவர்களுக்குள்ளேயே சண்டையாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரியும் சந்தோஷம், லாட்டரி விழுந்தவன் முகத்தில்கூட இருக்காது.

இப்படிப்பட்டவரிடம்தான் பிள்ளைகள் போடும் எரிகோ நாடகத்துக்கு மதில் கட்டும் வேலையை ஒப்படைத்தோம். தொழில்முறையில் பெட்டி கட்டுபவர் ஆயிற்றே. எரிகோ ராஜா வேஷத்துக்கும் ஆள் கிடைக்காததால் அதையும் அவர் தலையிலேயே கட்டினோம்.

மேடை முழுக்க அட்டைப்பெட்டி மதில். பிள்ளைகள் ஏழு சுற்று நடந்தார்கள். ஊதல் ஊதினார்கள். தொண்டை கிழியக் கத்தினார்கள். மதில் அசையவில்லை. கிடங்கு டேப்பால் உள்ளே குறுக்கும் நெடுக்கும் ஒட்டியிருக்கிறார் மனிதர்.

செல்வின் திரைக்குப் பக்கத்திலிருந்து பல்லைக் கடித்தான். “அண்ணே, தள்ளி விடுங்க.”

மதிலுக்குப் பின்னாலிருந்து நிதானமாகப் பதில் வந்தது. “நான் இந்த ஊர் ராசா. நான் ஏன் தம்பி தள்ளோணும்?”

அரங்கமே சிரித்தது. கடைசியில் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து தள்ள, மதில் உடையாமல் முழுசாக ராஜா மேலேயே சாய்ந்தது. மூக்குக்கண்ணாடி போயிற்று.

எல்லோரும் சிரிக்கவில்லை. வேதத்தைக் கேலி செய்கிறார், இனி அவர் வேண்டாம் என்று சிலர் பிடிவாதமாகச் சொன்னார்கள். அதை அவரிடம் சொல்லும் பொறுப்பு செல்வினுக்கு. துணைக்கு நான்.

அவர் இருந்தது ஒரு வீட்டின் பின்புறத்து ஒற்றை அறையில். இருந்த ஒரே கதிரையில் செல்வினை உட்காரவைத்துவிட்டு, குசினி மூலையில் தேநீர் போட்டார். கண்ணாடிக்கு நடுவில் கிடங்கு டேப். செல்வின் தேநீரைக் குடித்து முடித்தும் விஷயத்துக்கு வரவில்லை.

“கானான்காரங்க மேல அப்படி என்ன பாசம் அண்ணே?”

“பாசம் ஒண்டும் இல்லை. சண்டையில வெண்டவன் தன்ர கதையை வடிவாச் சொல்லிப் போட்டான். மற்றவன்ர வீட்டில என்ன நடந்தது எண்டு அறிய ஒரு ஆசை.” கொஞ்சம் யோசித்தார். “கிபியோன்காரர் கதை தெரியும்தானே? பூஞ்சணம் பிடிச்ச அப்பத்தையும் பிஞ்ச செருப்பையும் காட்டி, கனதூரத்தில இருந்து வந்தனாங்கள் எண்டு பொய் சொல்லி உயிர் தப்பினவை. உண்மையில பக்கத்து ஊர். இஸ்ரவேலர் உடனே நம்பிட்டினம். நான் மெய்யாவே கடல் தாண்டி வந்தனான். என்னை இன்னும் விசாரிச்சு முடியேல்லை. செருப்பைக் கொஞ்சம் பிச்சுக்கொண்டு வந்திருக்கோணும்.”

செல்வின் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டான். பிறகு எழுந்து டம்ளரைத் தானே கழுவி வைத்தான்.

“சனிக்கிழமை கிபியோன் பாடம். நீங்கதான் எடுக்குறீங்க அண்ணே.”

எடுத்தார். வேண்டாம் என்றவர்களும் வந்தார்கள். இரவுச் சாப்பாடு ஆறியதே தவிர ஒருவரும் எழவில்லை.

சில வருஷம் கழித்து நிரந்தர விசா வந்தது. அதன்பின் மனைவியும் வந்தார். விமான நிலையத்துக்குக் குழு மொத்தமும் போனது. எதற்கும் கேள்வி வைத்திருக்கும் மனிதர், தள்ளுவண்டியோடு வந்த அந்த அம்மாவின் முன்னால் போய் நின்றார். கேள்வி கேட்டது அந்த அம்மாதான்:

“ஏனப்பா இப்பிடி மெலிஞ்சு போனியள்?”

அண்ணன் தள்ளுவண்டியைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். பின்னால் வரிசையாக நின்ற நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தோம்.