கனிமொழி காய்ச்சிய கொள்ளுக் கஞ்சி

இளைத்தே தீருவது என்று முடிவெடுத்தேன். சாதாரண முடிவு இல்லை. நான் கடலூர்–சிதம்பரம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கூட்ட நேரத்தில் பின்வாசலிலிருந்து முன்வாசலுக்கு நான் போய்ச் சேர்வதற்குள், கடலூரில் ஏறியவர் புதுச்சத்திரத்தில் டிக்கெட் வாங்காமலே இறங்கிப் போய்விடுவார்.

என் மனைவி கனிமொழியிடம் சொன்ன காரணம், மகள் சிந்துஜா கல்யாணத்தில் கோட்டு போட வேண்டும் என்பது. நிஜக் காரணம் வேறு. கனிமொழிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் இரண்டு தடவை சிதம்பரத்தில் டயாலிசிஸ். என்னுடையதில் ஒன்றைக் கொடுக்கலாமா என்று டாக்டரைத் தனியாகக் கேட்டேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார்.

"மொதல்ல இதைக் குறைச்சிட்டு வாங்க. அப்புறம் டெஸ்ட் எடுக்கலாம்."

அவளிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். இளைத்துக் காட்டிவிட்டு, பிறகு சொல்லி மடக்குவதாகத் திட்டம்.

காலையில் புவனகிரி வீட்டிலிருந்து வெள்ளாற்றுப் பாலம் வரை நடை. வந்தால் கொள்ளுக் கஞ்சி. மதியம் சுரைக்காய்க் கூட்டு. ராத்திரி சூப். டிரைவர் சிங்காரம் என் மூக்குக்கு நேராக மசால்வடை தின்பான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி வயலைப் பார்ப்பேன். வீட்டுக் கஞ்சி வாயில் வழுக்கிக்கொண்டு போனதை அவள் கைப்பக்குவம் என்றே நினைத்தேன்.

டயாலிசிசுக்கு முன்னும் பின்னும் அவளை எடை பார்ப்பார்கள். அவள் இறங்கியதும் நான் ஏறுவேன். அவள் உடம்பிலிருந்து மிஷின் எடுத்த இரண்டு கிலோ தண்ணீரும் நேராக என்னிடம் வந்துவிட்ட மாதிரி முள் எகிறும்.

"என்னா சார், கஞ்சிக்கே இப்படியா?" என்று நர்ஸ் பொன்னி சிரிப்பாள்.

எனக்கு அழுகை வரும். கட்டினவளுக்காக ஒரு தொப்பையைக் கரைக்க வக்கில்லாத ஆம்பளை!

ஒருநாள் நடையில் மழை பிடித்துக்கொண்டது. பாதியிலேயே திரும்பினேன். சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். அண்ணாகிராமத்திலிருந்து அவள் தம்பி இளவரசு கொண்டுவந்த முந்திரிப்பருப்பு அரைபட்டுக்கொண்டிருந்தது.

"கனி! நீ முந்திரியைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல?"

அவள் திரும்பக்கூட இல்லை. "எனக்கில்ல மாமா. ஒங்களுக்கு."

"எனக்கா?"

"கஞ்சியில கலக்கத்தான்."

"அடிப்பாவி! அப்ப அந்த சூப்பு?"

"வெண்ணெய்."

"சுரைக்காய்க் கூட்டு?"

"தேங்காப்பாலு. ரெண்டு ஸ்பூன் நெய்யி."

"நான் எதுக்கு இளைக்கிறேன்னு தெரியுமாடி ஒனக்கு?"

"கோட்டுக்கா? லுங்கியோட கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த ஆளு நீங்க. நீங்க கஞ்சி கேட்ட அன்னிக்கே நர்ஸ் பொன்னிகிட்ட விசாரிச்சிட்டேன். எல்லாத்தியும் சொல்லிட்டா."

மிக்ஸியை நிறுத்தினாள்.

"ஒருத்தி ஆஸ்பத்திரியில கெடக்கறது பத்தாதா? நீங்களும் வயித்தைக் கிழிச்சிக்கிட்டுப் படுத்துட்டா, அப்புறம் சிந்துஜாவுக்கு யாரு இருக்காங்க?"

"நீ இருப்படி. அதுக்குத்தானே குடுக்கறேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எவ்வளவு சின்ன முகமாகிவிட்டது! ஈரச் சட்டையோடு அங்கேயே நின்று அழுதேன். அழுதுகொண்டே வீராப்பும் பேசினேன்.

"இனிமே நானே சமைச்சிக்கறேன். ஒன் கையால பச்சத்தண்ணி கூட வேணாம்."

"சமைச்சிக்குங்க. நானும் இனிமே டயாலிசிசுக்கு வரல."

"என்னா பேசற நீ?"

"இன்னிக்குப் போவணும்ல? நீங்க குடிச்சா கெளம்பறேன். இல்லன்னா இங்கியே படுத்துக்கறேன்."

சொன்னால் செய்கிறவள். அரைத்த முந்திரியைக் கஞ்சியில் கலக்கி டம்ளரை நீட்டினாள். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன கை. அந்தக் கையைத் தள்ளிவிட எனக்குத் தெம்பில்லை.

மடமடவென்று குடித்தேன்.

டம்ளரை வாங்கி உள்ளே பார்த்தாள். இன்னொரு டம்ளர் ஊற்றினாள்.