கிறீம் வழிப்பவர்

கிறீம் பிஸ்கோத்து என்ற ஒன்று கப்பலேறி வந்து, தகரப் பெட்டியோடு கண்டிக் கடைவீதியில் இறங்கிய நாளிலிருந்து, நம்மிடையே ஒரு புதிய இனம் தலையெடுத்திருக்கிறது. கிறீம் வழிப்பவர் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். சாமானியமாக எண்ணிவிடாதீர்கள்!

இரண்டு பிஸ்கோத்து, நடுவே வெள்ளைக் கிறீம். நீங்களும் நானும் என்ன செய்வோம்? வாயில் போட்டுக் கடிப்போம். அவர் கடிக்கமாட்டார். முதலில் வேண்டாம் என்பார். இரண்டாம் முறையும் வேண்டாம் என்பார். மூன்றாம் முறை, வீட்டுக்காரரின் மனம் நோகக்கூடாதே என்று ஒன்றை எடுத்து, மடியில் விரித்த கைலேஞ்சித் துணிக்குள் கொண்டுபோய், வலது பெருவிரல் நகத்தை இடுக்கில் விட்டு ஒரு திருகு திருகி, பசைக்கென்று ஒரு பொட்டு மட்டும் விட்டுவைத்து, மீதிக் கிறீமை வழித்து நாக்கில் போட்டுக்கொண்டு, இரண்டு மொட்டைத் துண்டுகளையும் பழையபடி ஒட்டி, யாரும் பார்க்காத சமயம் தட்டில் மற்றவற்றுக்கு அடியில் செருகிவிட்டு, "எனக்கு இனிப்பு ஆகாது" என்பார். ஆகாதாம்!

கம்பளை ஜவுளிக்கடை ஜமால்தீன் முதலாளி இந்த இனத்தின் திலகம். அவருடைய மகன் நளீருக்கு, கண்டி ஹாஷிம் நானாவின் மகள் கைரியாவைக் கேட்டுப் போனபோது, பேச்சுக்குத் துணையாக என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கைரியாவுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் வந்து, வெற்றிலை போட்டுவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். இதுவும் தவறினால் பிள்ளையின் உம்மா படுத்த படுக்கையாகிவிடுவாள் என்று ஹாஷிம் நானா என் கையைப் பிடித்துக்கொண்டு கலங்கியிருந்தார். பாவம், அதனால்தான் அன்றைக்குத் தட்டு நிறையக் கிறீம் பிஸ்கோத்து.

"எடுங்க முதலாளி, எடுங்க."

"வேணாம் நானா, வேணாம்."

மூன்றாம் முறை எடுத்தார். கைலேஞ்சி அசைந்தது. நகம் திருகியது. முதலாளியின் முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று. உள்ளே கிறீம் இல்லை! பசைக்கு விட்ட பொட்டைத் தவிர, துடைத்து வைத்த மொட்டை. இன்னொன்றை எடுத்தார். மொட்டை. மூன்றாவது? அதுவும் மொட்டை!

அவருடைய சங்கடத்தை யோசித்துப் பாருங்கள். கிறீம் இல்லை என்று சொன்னால் பிரித்துப் பார்த்தது வெளியாகிவிடும். சொல்லாமல் இருக்கலாமென்றால் வயிறு எரிகிறது. ஒன்றைக் கடித்துக் காட்டிவிட்டுச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கடித்தே பழக்கமில்லாதவருக்கு அந்த யோசனை எங்கிருந்து வரும்?

"என்ன நானா இது?" என்று கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். "சம்பந்தம் பேச வந்தவங்களுக்கு இதா மரியாதை? ஒண்ணுலயும் கிறீமே இல்லியே!"

ஹாஷிம் நானா தட்டை எட்டிப் பார்த்தார். "யா அல்லாஹ்! நீங்க இன்னும் ஒண்ணையும் கடிக்கல்லியே முதலாளி, எப்பிடித் தெரியும்?"

முதலாளி கையோடு பிடித்து எழும்பியிருந்த கைலேஞ்சி நழுவிற்று. ஆறு மொட்டைத் துண்டுகள் தரையில் உருண்டன. எல்லாரும் பதறி எழுந்தார்கள். நான் மட்டும் எழும்பவில்லை.

திரைக்குப் பின்னால் குபீரென்று ஒரு சிரிப்பு. பின்னாலேயே உம்மாவின் குரல்: "அடியே கைரியா! தட்ட அடுக்கச் சொன்னா, இந்த வேலையா பாத்த? இந்தச் சம்பந்தமும் போச்சே!"

முதலாளி தரையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். தட்டிலிருந்து ஒரு பிஸ்கோத்தை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்! பத்து வருஷமா நானும் ஒட்டுறேன், ஒட்டினது தெரியாம ஒட்ட எனக்கு இன்னும் வரல்ல. புள்ள எங்கட வீட்டுக்குத்தான்!"

ஹாஷிம் நானா அழுதேவிட்டார். கல்யாணத்தன்று, பெண்வீட்டு அலுமாரியிலிருந்து அகப்பட்ட இரண்டு பெட்டி மொட்டைத் துண்டுகளையும் பாலில் நனைத்து அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு வெண்ணெயும் சீனியும் அடித்துப் பூசி, புட்டிங் என்று பரிமாறினார்கள். வந்தவர்கள் பாத்திரத்தையே வழித்தார்கள். யாருடைய நகம் பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆமாம், நான் ஏன் எழும்பவில்லை என்று சொல்லவில்லையே. என் கைலேஞ்சிக்குள் நான்கு துண்டுகள் இருந்தன.

சிரிக்கிறீர்களா? நல்லது. இந்தப் பக்கத்தைப் பிடித்திருக்கிறதே உங்கள் வலது பெருவிரல், அதன் நகத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.