செத்த மரத்துக்கு வைத்தியம்

செத்த மரத்துல யாரு குடியிருக்கப் போறான்னுதானே கேக்குறீங்க? ஒரு காட்டுல, அதுவும் கோடாலி எட்டிப் பாக்காத பழைய காட்டுல, நிக்கிற மரத்தை விட விழுந்து கெடக்குற மரத்துலதான் கூட்டம் அதிகம். வாடகை கிடையாது பாருங்க.

அப்படிக் கெடந்த ஒரு கட்டையிலதான் கொம்பையா இருந்தான். கொம்பு வச்ச வண்டு. பாக்க ரவுடி மாதிரி இருப்பான், ஆனா பிள்ளைக்குட்டிக்காரன். பிள்ளைங்க எல்லாம் புழுவா கட்டைக்குள்ள கெடந்து கரகரன்னு தின்னுக்கிட்டு இருந்துச்சு. றெக்கை முளைச்சு வெளிய வர இன்னும் ஒரு மழைக்காலம் வேணும். அதுவரைக்கும் வேற இடத்துக்கு மாத்தவும் வழியில்ல. பச்சை மரத்துல அதுங்களுக்குப் பல்லு இறங்காது. பெரியநாயகி அக்கா மாதிரி ஒரு மரக்காளான் வருஷக்கணக்கா உக்காந்து இட்லி பதத்துக்குக் கொண்டு வந்த கட்டைதான் வேணும். அதுக்கு மொதல்ல ஒரு மரம் பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து நிக்கணும், அப்புறம் விழணும், அப்புறம் யாரும் தொடாம இருக்கணும். மூணாவதுதான் கஷ்டம்.

அந்த வருஷம் காட்டுப் பஞ்சாயத்துல தூய்மை வாரம்னு அறிவிச்சாங்க. செத்த மரத்தையெல்லாம் யானைய விட்டு அப்புறப்படுத்தணும். உயிரோட இருக்குற மரம், உயிரோட இருக்குன்னு காட்டணும். பென்ஷன்காரங்க வருஷா வருஷம் போய் நிக்கிற மாதிரிதான். மரத்தால நடக்க முடியாதுங்கிறதால அதிகாரியே நேர்ல வருவார்னு ஒரு சலுகை.

சேதி கேட்டதும் கொம்பையா கெளம்பிட்டான். நேரா பெரியநாயகிகிட்ட போனான்.

"அக்கா, நம்ம கட்டைய உயிரோட இருக்குன்னு காட்டணும்."

"அது செத்ததுனாலதான்டா நானே வந்தேன்."

"அது எனக்குத் தெரியும். வர்றவருக்குத் தெரியணுமா?"

அடுத்து ஆர்கிட் மீனலோசனிய பாக்கப் போனான். கட்டை மேல ஒட்டிக்கிட்டு இருந்தாலும் தான் ஒரு மாடிவீட்டுக்காரிங்கிற நெனப்பு அவளுக்கு.

"சீசன் இல்லாம நான் பூக்குறதில்ல," அப்படின்னா.

"கட்டைய தூக்கிட்டா உனக்கு சீசனே இல்ல தாயி."

மறுநாள் பூத்தா. பாசி நல்லா பச்சைப்பசேல்னு விரிச்சு விட்டுச்சு. பெரணி ரெண்டு பக்கமும் விசிறி மாதிரி நின்னுச்சு. கல்யாண மண்டபம் கெட்டுச்சு போங்க.

அதிகாரி வந்தார். கருமந்தி. வால் தரையில படாம கையில புடிச்சுக்கிட்டு சுத்தி வந்து பாத்தார்.

"மரம் ஏன் படுத்துருக்கு?"

"வயசாயிருச்சுங்கய்யா, மூட்டு வலி."

அவர் கட்டையில காத வச்சார். "உள்ள என்ன கரகரன்னு சத்தம்?"

"பசிங்கய்யா. வயிறு இரையுது."

கருமந்திக்குப் பரம திருப்தி. உயிரோட இருக்குன்னு சொல்லிட்டார். கொம்பையா கும்புடு போட்டு நிமிர்றதுக்குள்ள அவர் கண்ணு பெரியநாயகி மேல விழுந்துருச்சு.

"அடப்பாவமே, இவ்வளவு நல்ல மரத்துக்குக் காளான் நோய் வந்துருக்கே. உள்ள புழுவும் இருக்கும். உயிரோட இருக்குற மரத்தை இப்படியா விடுறது? டாக்டர அனுப்புறேன்."

"நான் நோயாடா?" அப்படின்னு பெரியநாயகி முணுமுணுத்தா.

மறுநாள் டாக்டர் வந்து இறங்கினார். மரங்கொத்தி. பரம்பரை டாக்டர். காலையில சாப்பிடாமத்தான் டியூட்டிக்கு வருவார். வந்ததும் கட்டை மேல நடந்து, அங்க இங்க தட்டிப் பாத்தார்.

"நல்ல கொழுகொழுன்னு இருக்காங்களே," அப்படின்னார்.

"யாருங்க டாக்டர்?"

"புழுவத்தான் சொன்னேன். வைத்தியத்தை ஆரம்பிச்சுருவோம்."

மரம் ஒண்ணும் சொல்லல. அது செத்து ரொம்ப காலமாச்சு.

டாக்டர் அலகைத் தூக்கி ஒரு கொத்து கொத்தினார். பட்டை பிச்சுக்கிட்டுப் போச்சு. கொம்பையாவோட கடைக்குட்டி நெளியுறது வெளிய தெரிஞ்சுது. அடுத்த கொத்து விழுந்தா அவ்வளவுதான். பெத்தவனுக்குக் கொம்பு இருந்து என்ன பிரயோஜனம், டாக்டர் சைஸுக்கு அது பல்லு குத்தத்தான் ஆகும். கொம்பையா தடால்னு மல்லாந்து விழுந்தான். ஆறு காலையும் மேல தூக்கிக்கிட்டு மார்ல அடிச்சுக்கிட்டான்.

"போயிட்டாரே! நேத்து வரைக்கும் நல்லா இருந்தாரே!"

டாக்டர் அலகு பாதியில நின்னுச்சு. "யாரு போயிட்டா?"

"பேஷண்ட்டுதான் டாக்டர். நீங்க கொத்தின கொத்துல."

பெரியநாயகி கெட்டிக்காரி. உடனே ராகம் போட்டா. சில்வண்டுங்களுக்குக் காரணமே வேண்டாம், காடு முழுக்க ஒப்பாரி எடுத்துருச்சுங்க. மீனலோசனி ஒவ்வொரு பூவா உதிர்த்தா.

"நான் லேசாத்தானே தொட்டேன்," அப்படின்னு டாக்டர் இழுத்தார்.

"நாங்க உங்கள ஒண்ணும் சொல்லல டாக்டர். கருமந்தி ஐயாதான் என்ன சொல்லுவாரோ தெரியல."

டாக்டர் அவசர அவசரமா, வயசாகி இயற்கையா போயிட்டார்னு அறிவிச்சார். அதோட, அந்தக் காட்டுல ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த இடத்துல, பொணத்த எடுக்குற வரைக்கும் யாரும் வாயில ஒண்ணும் போடக் கூடாது. புலிக்கு மட்டும் விலக்கு, அவரு பஞ்சாயத்துத் தலைவர். டாக்டர் கடைக்குட்டிய ஒரு தடவ ஏக்கமா பாத்துட்டு, தலையக் குனிஞ்சு உக்காந்தார்.

சாயங்காலம் கருமந்தி யானையோட வந்துட்டார். "ரொம்ப வருத்தம். சரி, செத்த மரம்னு ஆயிருச்சு. எடுத்துரலாமா?"

கொம்பையா மூக்க உறிஞ்சினான். "தாராளமா எடுக்கலாம்ங்கய்யா. மூத்த மருமகன் மட்டும் வந்துரட்டும். அவர் முகம் பாக்காம எடுத்தா நாளைக்கு ஊர் எங்களத்தான் பேசும்."

"அதுவும் சரிதான். மருமகன் யாரு?"

"ஊர்காவலன். நத்தை. மேக்குச் சரிவுல இருக்கார். ஆள் அனுப்பியாச்சு, கெளம்பிட்டாராம்."

"தனியாவா வர்றார்?"

"வீட்டோட வர்றார்ங்கய்யா."

கருமந்தி உக்காந்தார். யானை நின்னுச்சு. இருட்டுற வரைக்கும் மருமகன் வரல. யானைக்கு வயிறு காஞ்சுருச்சு, பக்கத்துல மூங்கில் இருந்தும் தொட முடியல. கடைசியில, மருமகன் வந்ததும் சொல்லி அனுப்புன்னுட்டு கருமந்தி போயிட்டார். யானையும் போச்சு. டாக்டர் எல்லாருக்கும் முன்னாடியே போயிருந்தார்.

அப்புறம் யாரும் அந்தப் பக்கம் வரல. துக்க வீட்டுக்குப் பட்டினி கெடக்க யாரு வருவா? பிள்ளைங்க மட்டும் உள்ள ஒரு வழக்கமும் பாக்காம தின்னுச்சுங்க. கொம்பையா வாசல்ல சோகமா உக்காந்து, வர்றவன் போறவனுக்கெல்லாம், மருமகன் வந்துக்கிட்டே இருக்கார்னு சொல்லிக்கிட்டு இருந்தான். மழை புடிக்கிற மாதிரி இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள்தான், றெக்கை வந்துரும்.

அப்பதான் ஒரு மரவட்டை அத்தனை காலும் தெறிக்க ஓடி வந்துச்சு.

"கொம்பையாண்ணே, சீக்கிரம் வாங்க. உங்க மருமகன் ஓடைக்கரைக்கு வந்துட்டாரு. பாசமான மனுஷன்ணே, எங்கயும் நிக்காம வர்றாரு."

கொம்பையா எந்திரிச்சான். நல்ல ஈரப் பாசியா பாத்து மருமகனுக்குன்னு கொஞ்சம் எடுத்துக்கிட்டான். ஓடைக்கு அந்தப் பக்கம் துக்கம் கெடையாது, மருமகன் அங்கயே உக்காந்து நிதானமா சாப்பிடலாம்.

"இந்தா வர்றேன்," அப்படின்னு சொல்லிட்டு, மருமகனை உபசரிக்கப் போயிட்டான்.

நீதி: உயிரோட இருக்கேன்னு நிரூபிச்சா வைத்தியம் பாக்க ஆள் வரும். செத்துட்டேன்னு ஒத்துக்கிட்டா தூக்கிட்டுப் போக ஆள் வரும். நிம்மதியா இருக்கணும்னா, செத்துரணும். ஆனா மெதுவா வர்ற சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கணும்.