முருகவேலின் தண்ணீர்க் கண்டம்

முருகவேலுக்குத் தண்ணீரில் கண்டம். ஜோசியர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். முருகவேல் பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாத்திரம் தேய்க்கக் கூப்பிட்டால் கண்டம். தொட்டி கழுவச் சொன்னால் கண்டம். மனைவி அருணாதேவி பாவம், தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எல்லாவற்றையும் தானே செய்தாள். திருவண்ணாமலையை ஒட்டிய அவர்கள் ஊர் வேங்கிக்கால் முழுக்கத் தேடினாலும் இப்படியொரு காய்ந்த புருஷன் கிடைக்கமாட்டான்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஆசை எதன்மேல் வந்தது பாருங்கள்! மரக்காணம் பக்கத்து உப்பங்கழியில் துடுப்புப் படகு விடுகிறார்களாம். பறவை, டால்பின் எல்லாம் தெரிகிறதாம். ஆபீஸ் நண்பர் நூருல்லா போனில் வீடியோ காட்டினதிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் விஷயம் வீட்டுக்குத் தெரிந்தால் கண்டம் காலி. கண்டம் போனால் பாத்திரம் அல்லவா வந்து சேரும்!

பௌர்ணமி வந்தது. யோசனையும் வந்தது.

"அருணா, விடியகாலைல கிரிவலம் போறேன். எட்டு லிங்கத்தையும் பாத்து, கோயில் கியூவுல நின்னு வர சாயங்காலம் ஆயிடும்."

"பதினாலு கிலோமீட்டர் வெறுங்கால்ல நடப்பீங்களா?"

"எல்லாம் உனக்காகத்தான்."

அருணாதேவி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு நெற்றியில் விபூதி பூசிவிட்டாள்.

காலை எட்டு மணிக்கு முருகவேல் உப்பங்கழியின் நடுவில் இருந்தார். முன்னால் நூருல்லா, பின்னால் இவர். பூநாரைகள் ரோஸ் கலரில் வரிசைகட்டி நின்றன. நீர்க்காகம் ஒன்று படகுக்குப் பக்கத்திலேயே முங்கி மீனோடு எழுந்தது. முகத்துவாரத்தை நெருங்கியதும் தண்ணீர் பிளந்தது.

"பாய்! வந்துடுச்சி பாய்! ரெண்டு! இல்ல, மூணு!"

"குதிக்காதீங்க சார், படகு கவுந்துடும்!"

"கவுந்தா கவுந்துட்டுப் போவுது!"

டால்பின்கள் குட்டிக்கரணம் போட்டன. முருகவேல் சந்தோஷத்தில் அழுதேவிட்டார். கரைக்கு வர மனசே இல்லாமல் நாலு மணி நேரம் துடுப்புப் போட்டார்.

சாயங்காலம் தெருமுனையில் செருப்பைக் கழற்றிப் பைக்குள் ஒளித்தார். காலில் புழுதியைத் தேய்த்துக்கொண்டு நொண்டி நொண்டி வீட்டுக்குள் நுழைந்தார்.

"அப்பப்பா, காலே போச்சி அருணா!"

கிரிவலத்துக்கு வந்த அவளுடைய சொந்தக்காரர்கள் எட்டுப் பேர் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு நடக்கக் கிளம்பியிருந்தார்கள். அருணாதேவி வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து, அவர் காலைக் கழுவினாள். உள்ளங்கால் குழந்தைக் கால் மாதிரி இருந்தது.

"எங்க, கையக் காட்டுங்க."

உள்ளங்கையில் ஆறு கொப்புளம்.

"ஏங்க, கிரிவலத்தக் கையாலயா நடந்தீங்க?"

"அது... கூட்டம் கொஞ்சம் ஜாஸ்தி..."

"சட்டப் பையில கிளிஞ்சல் எப்படி வந்துச்சி?"

முருகவேலால் அதற்குமேல் முடியவில்லை. காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த சந்தோஷம் பீறிட்டுக் கொண்டு வந்துவிட்டது.

"மூணு டால்பின் அருணா! கைக்கெட்டற தூரத்துல! அதுல ஒண்ணு என்னையே பாத்துச்சி! நாலு மணி நேரம்!"

"நாலு மணி நேரமும் தண்ணியிலயா?"

"ஆமா!"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒரு தும்மல்கூட வரல!"

அருணாதேவி மலை இருந்த திக்கைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"அண்ணாமலையாரே, என் புருஷனோட கண்டத்தக் கழிச்சிட்டியேப்பா!"

கும்பிட்ட கையோடு பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"குக்கர்லேர்ந்து ஆரம்பிங்க. நடந்து முடிச்சிட்டு எட்டுப் பேரும் மறுபடி சாப்பிட வராங்க."