எங்கள் வாசலில் நின்ற பழுப்புத் தொட்டி

அன்புள்ள மார்ஜரி அக்காவுக்கு,

உன் தம்பி கிளைவ் எழுதுவது. நானும் வீட்டுக்காரி கிளெண்டாவும் சுகம். உன் இடுப்பு வலியும் அத்தானின் இருமலும் ஒன்றோடொன்று போட்டி போடாமல் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். லண்டனில் விடாத மழை என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். இங்கேயும் அதே மழைதான், ஆனால் நாங்கள் குடிவந்த ஸ்டோக் பக்கம் பெய்வதையெல்லாம் யார் காட்டப் போகிறார்கள்?

முதலில் முக்கியமான விஷயம். ஈஸ்டருக்குள் கிளெண்டா உன்னிடமே வந்துவிடுவாள் என்று பின்னறையைக் காலி செய்து வைத்திருப்பதாக எழுதியிருந்தாயே, இனி அதற்கு அவசியமில்லை. தையல் இயந்திரத்தைப் பழையபடி அங்கேயே போட்டுக்கொள். அவள் வரவில்லை. இந்த ஒரு வரியை எழுதுவதற்குள் என் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருக்கிறது. அவள் போயிருந்தால் நானும் பின்னாலேயே வந்திருப்பேன், நீ என்னைத் தாழ்வாரத்தில் படுக்கவைத்திருப்பாய்.

நாங்கள் கிளம்பும்போது நீ சொன்னது நினைவிருக்கிறதா? “டேய், லண்டன்ல கார் நிறுத்துற இடம் வாங்குற காசுக்கு அங்க மூணு ரூம் வீடே கிடைக்குதுன்னா, அந்த ஊர்ல ஏதோ கோளாறு இருக்குடா.” வீட்டில் ஒரு கோளாறும் இல்லை அக்கா. முன்னால் கொஞ்சம் தோட்டம், பின்னால் கொஞ்சம் தோட்டம், ஒரு பக்கச் சுவர் மட்டும் பக்கத்து வீட்டோடு பொது, அவர்கள் தும்மினால் நாம் ஆசீர்வதிக்கலாம். கோளாறு என்னவென்றால், யாரும் பேசவில்லை. லண்டனில் ஐந்து மாடிக்கும் யார் வீட்டில் என்ன குழம்பு என்று தெரிந்து வைத்திருந்தவள் கிளெண்டா. இங்கே எங்களைப் பார்த்தால் தலையை ஒரு அங்குலம் ஆட்டுவார்கள், நம் கையில் நாய் இருந்தால் நாயிடம் நலம் விசாரிப்பார்கள், எங்களிடம் நாயும் இல்லை. கடையில் கல்லாப்பெட்டிப் பெண் மட்டும் “என்ன வாத்து, பை வேணுமா?” என்று கேட்பாள். இந்தப் பக்கத்தில் ‘கண்ணு’ என்று பிரியமாகக் கூப்பிடுவதற்கு ‘வாத்து’ என்பார்கள்; ஆண், பெண், போலீஸ்காரர் எல்லாருமே வாத்துதான். அந்த ஒரு கேள்விக்காகவே கிளெண்டா தினமும் பால் வாங்கப் போனாள். குடிக்க ஆளில்லாமல் குளிர்சாதனப் பெட்டி முழுக்கப் பால் சேர்ந்துவிட்டது.

நானும் முயற்சி செய்யாமல் இல்லை. எதிர் வீட்டு டனிகிளிஃப் அம்மாள் இல்லாத நேரத்தில் அவருக்கு வந்த பார்சலை வாங்கி வைத்து, மாலையில் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். “ஐயோ, மன்னிச்சுக்கோங்க, உங்களுக்குச் சிரமம்” என்றார். நான் “மன்னிக்கணும், இதிலென்ன சிரமம்” என்றேன். அவர் மறுபடி மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். கதவு சாத்தியாயிற்று. வீட்டில் கிளெண்டா “என்ன பேசினாங்க?” என்று ஓடி வந்தாள். சொல்ல என்ன இருக்கிறது? அன்றுதான் அவள், ஈஸ்டர் வரை பார்ப்பேன், அதற்குள் ஒரு ஆள் இந்த வீட்டுப் படியேறி வராவிட்டால் மார்ஜரி அண்ணியிடம் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டாள். அண்ணியிடம் என்றால் சும்மா ஒரு வாரத்துக்கு இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது. பீங்கான் கோப்பைப் பெட்டிகளைப் பிரிக்கவே மாட்டேன் என்று ஒட்டிய நாடாவோடு மூலையில் அடுக்கிவிட்டு, மேல்மாடி ஜன்னலே கதி என்று நின்றாள்.

இப்படி இருக்கும்போது வந்தது அந்த வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் குப்பை வண்டி வரும். ஒரு வாரம் வீட்டுக் குப்பையின் கறுப்புத் தொட்டி, மறு வாரம் காகிதம், புட்டியின் நீலத் தொட்டி, இடையில் எப்போதாவது தோட்டக் குப்பையின் பழுப்புத் தொட்டி. முந்தின மாலையே வாசலில் வைத்துவிட வேண்டும். அந்த வாரம் கறுப்பு முறை, நான் கறுப்பைத்தான் வைத்தேன் என்று பைபிள் மீது கை வைத்துச் சொல்லியிருப்பேன். வைத்துவிட்டு உள்ளே வந்து செய்தி பார்த்தேன். காலையில் திரையை விலக்கினால் வாசலில் நிற்பது பழுப்பு! அது மட்டுமா, தெருக் கோடி வரைக்கும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பழுப்பு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசையாக. குப்பை வண்டி வந்தது. மஞ்சள் சட்டைக்காரர் எங்கள் தொட்டியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், வண்டி ஓட்டுகிறவரைக் கூப்பிட்டுக் காட்டினார், இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு தொட்டியைக்கூடத் தொடாமல் வண்டி போய்விட்டது.

அப்புறம் வந்தார்கள் அக்கா, வீட்டு அங்கிகளோடும் ரப்பர் பூட்ஸோடும். யாரும் கத்தவில்லை. கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, எங்கள் கேட்டைப் பார்த்தார்கள். கத்தியிருந்தால்கூட எனக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

“கிளெண்டா, வர்றாங்க. பின்கதவு தொறந்திருக்கா?”

“சும்மா இருங்க” என்று அவள் தலையைச் சீவிக்கொண்டாள். அடுப்பில் தண்ணீர் ஏற்கனவே கொதித்துக்கொண்டிருந்தது.

டனிகிளிஃப் அம்மாள்தான் முன்னால் நின்றார். “மன்னிச்சுக்கோங்க, காலங்காத்தால தொந்தரவு. புகார் எல்லாம் ஒண்ணும் இல்ல. சும்மா ஒரு சந்தேகம். இன்னிக்குக் கறுப்பு நாள் இல்லையா?”

அவர் பக்கத்து வீட்டுக்காரர் கெவ், கூரை வேலை பார்க்கிறவர், ஆள் பீரோ மாதிரி இருப்பார். அவர்தான் விளக்கினார். “உங்களுக்கு முன்னாடி இந்த வீட்டுல ஷெர்வின் பெரியவர் இருந்தாரு. இப்ப வேல்ஸ்ல மக கூட இருக்காரு. அவரு தப்பே பண்ண மாட்டாரு. அதனால நாங்க யாரும் காலண்டரே பாக்கறதில்ல. இந்த வாசல்ல எது நிக்குதோ அதான் எங்களுக்கும்.”

“அப்ப என்னைப் பாத்தா எல்லாரும் வச்சீங்க?”

“உங்களை யாரு பாத்தா? உங்க தொட்டியப் பாத்தோம்.”

“ஆள் மாறிட்டாங்கன்னு தெரியாதா?”

“தெரியும். தொட்டி அதே தொட்டிதானே, வாத்து.”

டனிகிளிஃப் அம்மாளுக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. “கெவ், உன் தோட்டம் பூரா சிமெண்ட் ஆச்சே. உன் பழுப்புத் தொட்டியில என்ன இருந்துச்சு?”

“ஒண்ணுமில்ல. காலி.”

“காலித் தொட்டிய ஏன்யா இழுத்துட்டு வந்தே?”

“நீங்க வச்சிருந்தீங்களே!”

“நானும் காலியாத்தான்யா வச்சேன்!”

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. கிளெண்டா கதவை அகலத் திறந்து, “உள்ள வாங்க எல்லாரும், தண்ணி கொதிக்குது” என்றாள். கோப்பை போதவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூலையில் இருந்த பெட்டியின் நாடாவைச் சமையல் கத்தியால் ஒரே கிழி கிழித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெங்காயம் என்று சொல்லவும் வழியில்லை. டனிகிளிஃப் அம்மாள் வீட்டுக்கு ஓடி, சீஸும் பன்றி இறைச்சியும் வைத்துச் சுருட்டிய ஓட்ஸ் ரொட்டி தட்டு நிறையக் கொண்டுவந்தார். கெவ் தெருவின் கறுப்புத் தொட்டிக் குப்பை மூட்டைகளையெல்லாம் தன் வேனில் ஏற்றிக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோனார். எல்லாரும் கிளம்புகிறவர்கள் போல “சரி, அப்ப” என்று தொடையில் தட்டிவிட்டு எழுந்திருக்காமல் மதியம் வரை உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது வீட்டில் பிரிக்காத பெட்டி ஒன்றுகூட இல்லை. என் கண்ணை நம்பிப் பயனில்லை என்று கண் மருத்துவரிடம் போனேன். கண்ணில் குறையே இல்லை என்றார். கறுப்பும் பழுப்பும் தெரியாத கண் என்ன கண் என்று சண்டை போட்டு ஒரு கண்ணாடி வாங்கிவிட்டேன். தெருக்காரர்கள் தொட்டிப் பொறுப்பை முறையாக என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

மே மாதம் நீயும் அத்தானும் கட்டாயம் வாருங்கள். எல்லாம் வல்லவன் உங்கள் இருவருக்கும் வலியில்லாத தூக்கமும் ஒழுகாத கூரையும் தரட்டும். உன் பூனையையும் விசாரித்ததாகச் சொல்.

உன் அன்புத் தம்பி,
கிளைவ்

பி.கு.: எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி இதைக் கிளெண்டாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு சோபாவில் விழுந்து சிரித்தாள். “உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல. நீங்க கறுப்பைத்தான் வச்சீங்க. நீங்க செய்தி பாக்கறப்ப நான்தான் போய் மாத்தி வச்சேன்” என்கிறாள். எங்கள் தொட்டி வாசலுக்குப் போனதும் எதிர் வீட்டுத் திரை விலகுவதையும், பிறகு ஒவ்வொரு கதவாகத் திறப்பதையும் மேல்மாடி ஜன்னலிலிருந்து வாரா வாரம் பார்த்திருக்கிறாள். “என்னை யாரும் பாக்கல. என் தொட்டியயாவது பாக்கறாங்களேன்னு இருந்துச்சு” என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை, எழுந்து போய் அவளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். நீ இதை யாரிடமும் சொல்லாதே. தெருத் திருப்பத்துக்கு அப்பால் இருக்கிறவர்கள் இன்னும் ஒரு தடவைகூட டீ குடிக்க வரவில்லையே என்று கிளெண்டா காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இன்று வியாழன். நல்லபடியாகக் கறுப்புத் தொட்டியை வாசலில் வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். அவளை வீட்டுக்குள் காணோம்.