விசிறிச் சத்தம் குறித்து மரியநாயகிக்கு

மோர்டன், லண்டன்
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மனைவி மரியநாயகிக்கு,

உமது கணவன் செபமாலை எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நான் சுகமாக இருக்கிறேன். தடிமன் மட்டும் கொஞ்சம் இருக்கிறது, அதன் காரணம் கீழே வரும். நீரும் சுகமாக இருந்து, ஒப்பரேசன் செய்த உமது தங்கச்சி பிலோமினாவின் முழங்காலும் சொல் கேட்டு மடங்கி நிமிர வேண்டும் என்று விரும்புகிறேன். போன் இருக்க இந்த மனிதன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீர் யோசிப்பீர். போனில் நான் வாயைத் திறந்தால் பிலோமினா, அவள் புருசன், பக்கத்து வீட்டார் எல்லாரும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதோடு உமது செபமாலைக் கூட்டத்துப் பெண்கள் வட்ஸ்அப்பில் பாதிக் கதையை உமக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள் என்றும் அறிந்தேன். மீதிப் பாதி என் பக்கத்தில் இருந்து வரவேண்டும். நம் கோயில் றொசாந்தி ஞாயிற்றுக்கிழமை மன்னாருக்குப் பயணமாம். இதை அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

விமானம் ஏறும்போது நீர் என்னிடம் ஒப்படைத்த பொறுப்பு ஒன்றே ஒன்று. மகன் நிர்மலன் மூன்று வருடத்துக்கு முன் நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கித் தந்த அந்தச் சின்னக் கொம்பியூட்டரை, உமது ஊசிப்பெட்டி அளவுதான் அது, தினமும் பின்னேரம் நாலு மணிக்கு ரி.வி.யோடு போட்டு, பதினொரு பெண்களையும் வீடியோவுக்குள் விட்டுவிட்டு, பேசாமல் இருக்க வேண்டும். செபமாலை என்று பெயரையும் வைத்துக்கொண்டு நாற்பது வருடமாகச் செபமாலை நேரத்தில் தேத்தண்ணி குடிக்கிற என்னிடம் நீர் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை. "ஒரு நாளும் நிக்கக் கூடாதப்பா. நோர்பரியில தனிய இருக்கிற கலாவதி அக்காவுக்கு ஒரு நாளைக்குக் கேக்கிற மனுசக் குரல் அது ஒண்டுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் போனீர். நான் ஓம் என்றேன். மூன்று கிழமை ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

நாலாம் கிழமை செவ்வாய்க்கிழமை, செபமாலையின் ஐந்து பத்தில் இரண்டாம் பத்து மணி நடக்கும்போது மெஷின் ஒரு மாதிரி இரையத் தொடங்கியது. முதலில் மெல்லிய மூச்சு. பிறகு பாரம் ஏற்றின லொறி மேட்டில் ஏறுகிற சத்தம். உமக்குப் பதிலாகச் செபம் சொல்லிக்கொடுக்கிற சுலோச்சனா நடுவில் நிறுத்தி, "ஆரின்ர வீட்டிலயோ ஹூவர் போட்டுத் தூசி இழுக்கினம், தயவுசெய்து நிப்பாட்டுங்கோ" என்றா. எல்லாரும் தங்கள் தங்கள் மைக்கை மூடினார்கள். சத்தம் போகவில்லை. மிஞ்சினது நம் வீடு ஒன்றுதான். அப்போது ஒருத்தி சொன்னா, "அது ஹூவர் இல்லையக்கா, செபமாலை அண்ணை நித்திரை." பத்துப் பேர் சிரித்தார்கள். நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தேன் என்பதை இதன் மூலம் உறுதிப்படுத்துகிறேன்.

மெஷினைத் தொட்டுப் பார்த்தேன், இஸ்திரிப் பெட்டி. இருபத்தெட்டு வருடம் லண்டனில் பஸ் ஓட்டினவனுக்குச் சூடேறின எஞ்சினைப் பற்றி யாரும் சொல்லித் தரத் தேவையில்லை, காற்றுப் போதாது, அவ்வளவுதான். மேசை விசிறியைக் கொண்டுவந்து அதற்கு நேரே வைத்தேன். அடுத்த நாள் பெண்களுக்கு இரண்டு சத்தம் கேட்டது. விசிறியை எடுத்துவிட்டு யன்னலைத் திறந்தேன். மெஷின் அப்படியே இருந்தது, எனக்குத் தடிமன் பிடித்தது, வியாழக்கிழமை என் தும்மலும் செபத்தில் சேர்ந்துகொண்டது. பிறகு, நீர் கோபிக்கக் கூடாது, பிரீசரில் இருந்த பட்டாணிப் பையை எடுத்து அதன் தலையில் வைத்தேன். சத்தம் குறைந்தது உண்மை. அரை மணித்தியாலத்தில் மெஷினைச் சுற்றி முத்து முத்தாகத் தண்ணீர். நிர்மலனுக்குப் போன் எடுத்தேன். அவன் மான்செஸ்டரில் வேலை இடத்தில் நின்று, "அப்பா, கரண்டை நிப்பாட்டுங்கோ! முதல்ல நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினதில் அவனுடைய மேலதிகாரியே பயந்துவிட்டாராம். துடைத்து, ஒரு நாள் காயவைத்தேன். அன்று கூட்டத்தை என் போனில் நடத்தினேன். என் மூக்குத்தான் தெரிந்ததாம், ஆனால் கூட்டம் நிற்கவில்லை. பட்டாணியைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டேன்.

இனி எழுதப்போவதை நீர் குற்றச்சாட்டாக எடுக்கக் கூடாது. மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் அது வெறும் கறுப்புப் பெட்டியாக இருக்கிறது என்று நீர் கையால் பின்னிய வெள்ளை லேஸ் துணி ஒன்றைப் போட்டு மூடினீர் அல்லவா? அந்த மெஷின் சூடான காற்றை வெளியே விடுவது மேற்பக்கத்தால்தானாம். "அம்மா அதுக்குப் போர்வை போத்திருக்கிறா" என்று நிர்மலன் சிரித்தான். துணியை எடுத்துத் தோய்த்து, மடித்து, உமது சேலை அலுமாரியில் வைத்திருக்கிறேன். சூடு பாதி குறைந்தது.

மீதிப் பாதிக்குக் காரணம் நான். இதை நீர் போனில் கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன். நிர்மலன் அங்கிருந்தபடியே நம் மெஷினுக்குள் புகுந்து பார்த்தான். நான் திறந்த பக்கம் ஒன்றையும் மூடுவதில்லையாம், எல்லாம் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தால் அதன் மூளை சூடேறும், விசிறியும் கத்தும் என்றான். மன்னார் காலநிலை மட்டும் ஒன்பது தரம் திறந்து கிடந்தது. கடைசியில் ஒன்றில் வந்து நின்றான். "அப்பா, இதென்ன? அம்மாவின்ர பிளைட் இன்னும் ஓடுது? அம்மா போய் ஆறு கிழமை." விமானம் எங்கே பறக்கிறது என்று படத்தில் காட்டுகிற பக்கம் அது. நீர் போன அன்று உம்மைப் பார்க்கத் திறந்தது. அந்த இலக்க விமானம் தினமும் லண்டனில் ஏறிக் கொழும்பில் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நாற்பது தரத்துக்கு மேல் உம்மைக் கொண்டுபோய் இறக்கிவிட்டது, ஒருக்காலும் திருப்பிக் கொண்டுவரவில்லை. "மறந்துபோனன் தம்பி, மூடிவிடு" என்றேன். அவன் மன்னார் காலநிலை ஒன்பதையும் ஒவ்வொன்றாக மூடினான். பிறகு மற்றதை எல்லாம் மூடிவிட்டு, "இது ஒண்டு கிடக்கட்டும், இதால பெரிசாச் சூடேறாது" என்றான்.

அப்படியும் இரைச்சல் முழுதாக அடங்கவில்லை. உள்ளே தூசி என்று முடிவாகியது. "அப்பா, ஈஸ்டருக்கு நான் வந்து பாக்கிறன், ஒண்டையும் கழட்டாதேங்கோ" என்று அவன் சொன்னது உண்மை. நான் கழற்றினதும் உண்மை. அடியில் இருந்த நாலு ரப்பர் காலையும் கிளப்பி, கண்ணாடிக்குப் பூட்டுகிற சின்னத் திருப்புளியால் திறந்தால், விசிறிக்குள் தூசி கம்பளி போலத் தடித்துக் கிடந்தது. விசிறி சுற்றாமல் ஐஸ்பழக் குச்சியால் பிடித்துக்கொண்டு, டின்னில் அடைத்த காற்றால் ஊதினேன். நல்ல வேலை. அடுத்தது, மூளைக்கும் விசிறிக்கும் நடுவே சூட்டைக் கடத்த ஒரு பசை இருக்கிறது, அது காய்ந்து பொரிந்துபோயிருந்தது. புதுப் பசை தபாலில் வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் மெஷின் சாப்பாட்டு மேசையில் வயிற்றைத் திறந்தபடி கிடந்தது. என் போன், அந்தப் பட்டாணி நாளுக்குப் பிறகு கைதவறி வாளிக்குள் விழுந்துவிட்டது, அதை நான் வேறு கடிதத்தில் எழுதுகிறேன்.

நான் வீட்டுப் போனில் எல்லாருக்கும் அறிவித்தேன். சுலோச்சனா தன் வீட்டில் இருந்து புதுக் கூட்டம் திறந்து வட்ஸ்அப்பில் அனுப்பினா. பத்துப் பேரும் போய்ச் சேர்ந்தார்கள். கலாவதி அக்காவால் மட்டும் ஏலாது. அவவின் டப்லெட்டில் பெறாமகள் வைத்துக் கொடுத்த ஒரே ஒரு பட்டன்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் நம் வீடுதான் வரும். போனையும் எடுக்கவில்லை. மூன்று மணிக்கு எடுத்தேன், மூன்றேகாலுக்கு எடுத்தேன். உமக்குச் சொன்ன ஓம் நெஞ்சில் வந்து நின்றது. கோட்டைப் போட்டுக்கொண்டு மிச்சம் என்கிற இடத்தில் மாறி இரண்டு பஸ்ஸில் நோர்பரிக்குப் போனேன். இரண்டு சாரதிகளும் பிரேக் பிடித்த விதத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, இது அதற்கான இடம் இல்லை.

கதவைத் திறந்தது அவதான். எண்பத்தொரு வயதில் நல்ல சேலை உடுத்து, செபமாலை கையில், டப்லெட்டுக்கு முன்னால் கதிரை போட்டுக் காத்திருந்திருக்கிறா. என்னைப் பார்த்து முகம் வெளிறி, "மரியநாயகிக்கு என்ன?" என்றா. "ஒண்டுமில்லை அக்கா, மெஷின் பழுது" என்றேன். அங்கேயே உட்கார்ந்து அவ சொல்ல நான் பதில் சொன்னேன். ஐந்து பத்தும். சில இடத்தில் எனக்குச் சொல் தடுமாற, அவ நின்று காத்திருந்தா. முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது நான் பெருமையாக, "நாளண்டைக்கு அந்த இரைச்சல் ஒண்டும் இராது அக்கா" என்றேன்.

"ஏன் தம்பி நிப்பாட்டுறியள்?"

"செபம் கேக்காதே அக்கா."

"செபம் எனக்குப் பாடம்தானே. அந்தச் சத்தம் கேட்டா ஆரோ பக்கத்தில இருந்து மூச்சு விடுற மாதிரி. இந்த வீட்டில வேற ஆர் மூச்சு விடினம்?"

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவக் கொண்டுபோனேன். பிறகு அவவின் குசினிக் குழாய் ஒழுகுவதைக் கண்டு அதை இறுக்கிவிட்டு வந்தேன். அது இப்போது நன்றாக இருக்கிறது, அடுத்த நாள் செபத்துக்குப் போனபோதும் பார்த்தேன்.

பசை வந்தது, பூசினேன், பூட்டினேன். நேற்று வியாழக்கிழமை மெஷின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாத அமைதி. சுலோச்சனா, "அண்ணை, நீங்கள் எஞ்சினியர்தான்" என்றா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மூன்றாம் பத்து மணி நடுவில் கலாவதி அக்காவின் சின்னக் குரல். "செபமாலைத் தம்பி இல்லையோ?" நான் "இருக்கிறன் அக்கா" என்றேன். "மைக், அண்ணை, மைக்!" என்று பத்துப் பேரும் கத்தினார்கள். மைக்கைத் திறந்து, "ஓம் அக்கா, இஞ்சதான் இருக்கிறன்" என்றேன். "அப்ப சொல்லுங்கோவன்" என்றா. நாலாம் பத்து மணியைச் சுலோச்சனா என்னிடம் தந்தா. நாயகி, பத்துத் தரம் சொல்ல வேண்டிய 'அருள் நிறைந்த மரியே'யை நான் பதின்மூன்று தரம் சொல்லிவிட்டேனாம். யாரும் நிறுத்தவில்லை. அதிகம் சொன்ன மூன்றும் பிலோமினாவின் முழங்காலுக்கு என்று வைத்துக்கொள்ளும்.

ஆகவே இங்கு எல்லாம் ஒழுங்கு. மெஷின் அமைதி, வீடு சுத்தம், சாப்பாடு நேரத்துக்கு. நீர் என்னை நினைத்து அந்தரப்பட வேண்டியதில்லை. தங்கச்சியோடு இன்னும் இரண்டு மாதம் நின்று, ஆறுதலாக வாரும். அங்குள்ள பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தம், மடுமாதா உமக்குத் துணை இருப்பாவாக.

உமது கணவன்,
செபமாலை

பி.கு.: கடிதத்தை ஒட்டிவிட்டேன், திரும்பக் கிழித்து இதை எழுதுகிறேன். இன்று பின்னேரம் முதலாம் பத்து மணி முடிய முன்னமே மெஷின் கத்தத் தொடங்கிவிட்டது, முன்னையைவிட உரத்து. சுலோச்சனா தலையில் கை வைத்தா. கலாவதி அக்கா மட்டும், "ஆ, தம்பி வந்திட்டார்" என்று சிரித்தா. திருப்புளி மேசையில்தான் இருக்கிறது, நான் தொடவில்லை. மேலே "ஆறுதலாக" என்று எழுதியதை வெட்டிவிட்டு வாசியும். டிக்கெற் திகதியை முன்னுக்கு மாற்ற ஏலுமாம். விசாரித்தது நிர்மலன் இல்லை, நான்தான்.