எதற்கும் ஆமாம் போட்ட கட்டை

சான்சோங் ஊரின் பட்டறைத் தெருக்களில் அந்த வருஷம் கண்டுபிடிப்பாளர்கள் கொசுக்களை மிஞ்சிவிட்டார்கள். காலையில் சோயாப்பால் குடித்தவன் மாலையில் விஞ்ஞானி. ஒருவன் காலால் திறக்கும் மீன் டப்பா செய்தான். இன்னொருவன் நாய்க்கு விசிறி செய்தான், நாயைக் கேட்கவில்லை. எல்லோரும் காப்புரிமை வாங்கிக் கோடீஸ்வரர் ஆகப் போகிறவர்கள். அதற்கு முன் எல்லோரும் வரிசையில் நின்ற இடம் ஒன்றுதான்: தச்சர் தெய்வமான லூபான் சாமி கோயிலில் கடை விரித்திருந்த ஆசான் ஹுங்கின் முன்னால்.

கண்டுபிடிப்பின் படத்தைச் சிவப்பு உறையில் வைத்து ஒட்டிக் காணிக்கையோடு கொடுக்க வேண்டும். ஆசான் உறையைப் பிரிக்க மாட்டார். ரகசியமல்லவா! பிறை வடிவக் கட்டைகள் இரண்டை வீசி, "இது உலகத்துக்குப் புதுசா, சாமி?" என்பார். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாக்கவும் விழுந்தால் ‘ஆமாம்’. மூன்று தரமும் அப்படியே விழுந்தால் காப்புரிமை கைக்கு வந்த மாதிரி. அவரிடம் எப்போதும் அப்படித்தான் விழுந்தது. ‘இல்லை’ என்ற சொல்லே சாமிக்கு மறந்துவிட்டது போலும்.

பி-யுன்னின் புருஷன் தியென்-ஃபாவும் போய்வந்தான். ஸ்கூட்டர் எவ்வளவு குலுங்கினாலும் டீ சிந்தாத கோப்பைத் தாங்கி அவன் கண்டுபிடிப்பு. சாமி ‘ஆமாம்’ சொல்லிவிட்டதால், வீட்டுக்குச் சோறு போட்டுவந்த ஒரே லேத் இயந்திரத்தை விற்று, தாங்கியை வார்க்கும் அச்சு செய்யப் போவதாகக் கிளம்பிவிட்டான்.

"ஏங்க, இதே மாதிரி வேற யாராச்சும் பண்ணியிருக்காங்களான்னு தேடிப் பாத்தீங்களா? காப்புரிமை அலுவலகம் எல்லாத்தையும் இணையத்துல போட்டு வெச்சிருக்கு. காசுகூடக் கேக்க மாட்டாங்க."

"தேடக் கூடாதாம். தேடுனா யோசனைக்குத் தீட்டாம். ஆசான் சொன்னாரு."

"தீட்டு யோசனைக்கா, அவரு வரும்படிக்கா?"

தியென்-ஃபா முறைத்தான். பி-யுன் ஒரு படம் வரைந்தாள். சிவப்பு உறையில் வைத்து ஒட்டினாள். அவனையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

கட்டைகள் விழுந்தன. ஆமாம். ஆமாம். ஆமாம்.

"உலகத்துலயே புதுசு!" ஆசான் முழங்கினார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

பி-யுன் உறையைக் கிழித்துப் படத்தைத் தூக்கிக் காட்டினாள். குடை. சாதாரண மழைக் குடை. அதை முதலில் செய்தது லூபான் சாமியின் சம்சாரம் என்பது சான்சோங்கில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

"சொந்தப் பொண்டாட்டி செஞ்சதே சாமிக்கு மறந்துபோச்சா, ஆசானே? வீட்டுல இன்னிக்கு அவருக்குச் சோறு கெடைக்காதே!"

"சந்தேகத்தோட வந்தா சாமி இப்படித்தான் கேலி பண்ணுவாரு!"

"அப்ப பக்தியோடவே கேக்குறேன்." சட்டென்று கட்டைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சாமி, இந்தக் கட்டைக்குள்ள ஈயம் வெச்சிருக்காங்களா?"

வீசினாள். ஆமாம். மறுபடி. ஆமாம். மூன்றாவது முறையும் ஆமாம்.

சாமியே சொன்ன பிறகு பக்தர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு தச்சர் ரம்பம் கொண்டுவந்தார். ஒரு கட்டைக்கு முதுகில் ஈயம், மற்றதற்கு வயிற்றில். ஆசான் நிமிர்ந்து பார்க்கும்போது கூட்டம் வாசலை அடைத்து நின்றது. அவரவர் காசைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி, காணிக்கைப் பெட்டியை அவர் அவ்வளவு பணிவாக யாரிடமும் நீட்டியதில்லை.

பி-யுன் அங்கேயே கைபேசியில் தேடினாள். காவ்சியுங் ஊர்க்காரர் ஒருவர் அதே தாங்கிக்கு எப்போதோ காப்புரிமை வாங்கியிருந்தார்.

"என்னுதுல கொக்கி வளைஞ்சிருக்கே!" என்றான் தியென்-ஃபா.

"கொக்கிய வளைக்க எந்தப் பட்டறைக்காரனுக்கும் தோணும். புதுசா இருக்கணும், உபயோகப்படணும், தொழில் தெரிஞ்சவனுக்கும் லேசுல தோணாததா இருக்கணும். அப்பதான் தருவாங்க. லேத்த விக்கிறீங்களா?"

"இல்ல" என்றான். அந்தக் கோயிலில் வெகுநாள் கழித்துக் கேட்ட முதல் ‘இல்லை’.

வெளியே வரும்போது மீன் டப்பாக்காரன் பின்னாலேயே ஓடிவந்தான். "அக்கா, அக்கா! ஈயம் வெக்காத நல்ல கட்டை எங்க கெடைக்கும்?"

கட்டைக்குள் என்ன இருக்கிறது என்று ரம்பம் போட்டுப் பார்த்துவிடலாம். மண்டைக்குள் இருப்பதை அவரவர்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். அதைப் பயன்படுத்த எவனிடமும் உரிமை வாங்க வேண்டியதில்லை, பயமில்லாமல் பயன்படுத்துங்கள்.